மெத்தைக்கு உறை வாங்கினேன், கழுத்துத் தண்டுவடத்தை நினைத்து

சிறு வயதிலிருந்தே எனக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் என்கிற தோல் அரிப்பு (எக்ஸிமா), அவ்வப்போது மூச்சு இழுப்பு. இரண்டும் பழகிப்போனவை. 2022-ல் ஒரு நாள் காலையில் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். மூன்று பிரி முடியில் எது எந்த விரலில் இருக்கிறது என்றே தெரியவில்லை. இரண்டு கையிலும் எறும்பு ஊர்வது போல இருந்தது, போர்வை உரசினாலே எரிந்தது. பக்கத்து கிளினிக்கில் இரத்த ஓட்டம் சரியில்லை என்று வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை மாதம் வீணாகப் போனது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அப்புறம் பார்த்த நரம்பியல் மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் அழற்சி. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினார். இரத்தத்தில் ஐஜிஇ (அலர்ஜியில் கூடும் எதிர்ப்புப் புரதம்) எக்கச்சக்கம், அதிலும் தூசிப் பூச்சிக்கு எதிரானது. கரப்பானும் ஐஜிஇ மிகுதியும் உள்ளவர்களுக்கு வரும் தண்டுவட அழற்சியைப் பற்றி ஜப்பான் மருத்துவர்கள் 1997-ல் எழுதியிருக்கிறார்களாம். அட்டோபிக் மைலைட்டிஸ் என்று பெயர். கழுத்துப் பகுதியைத்தான் அதிகம் தாக்கும், கை கால் வலுவைவிட உணர்ச்சியைக் கெடுக்கும் என்றார். ஸ்டீராய்டு ஏற்றிய பிறகு எரிச்சல் மெல்ல அடங்கியது.

வீட்டில் தூசிப் பூச்சியைக் குறைக்கச் சொன்னார். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது அது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் அதற்குச் சாப்பாடு. கரப்பான்காரி எனக்கு உதிர்வதும் அதிகம், கோலாலம்பூர்ப் புழுக்கமும் அதற்கு ரொம்பப் பிடிக்கும். அலர்ஜியைக் கிளப்புவது முக்கியமாக அதன் எச்சம்.

முதலில் ஆன்லைனில் ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கினேன். திரும்பிப் படுத்தால் சரசரவென்று சத்தம், முதுகெல்லாம் வியர்வை, ஒரே வாரத்தில் கரப்பான் கிளம்பிவிட்டது. தூக்கிப் போட்டேன்.

பிறகுதான் பிரிக்ஃபீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு மெத்தைக் கடைக்குப் போனேன். பெரியவர் உறையை என் கையில் கொடுத்து, "வாயை வச்சு ஊதிப் பாரும்மா" என்றார். ஊதினேன், மூச்சு மறுபக்கம் வந்தது. நெசவுதான், பிளாஸ்டிக் இல்லை. இழைகளுக்கு நடுவே 10 மைக்ரானுக்கும் குறைவான இடைவெளி, அதனால் காற்று போகும், பூச்சியும் எச்சமும் வராது. ஆறு பக்கமும் மூடுகிறது. ஜிப் முடியும் இடத்தில் ஒரு சின்ன மடிப்புத் துணி ஒட்டிக்கொள்கிறது. சில உறைகளில் அந்த முனையில் விரல் நுழையும் அளவு ஓட்டை இருக்கும், இதில் இல்லை. நான் வாங்கியபோது குயின் அளவு 180 வெள்ளி (ரிங்கிட்). தலையணை உறைக்குத் தனிக் காசு, அதையும் சேர்த்தே வாங்குங்கள்.

குறை என்றால், மாட்டுவது பெரும் பாடு. நானும் வீட்டுக்காரரும் அரை மணி நேரம் மல்லுக்கட்டினோம். படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை 60 டிகிரி சுடுநீரில் துவைக்க வேண்டும். எங்கள் செந்தூல் வீட்டு மெஷினில் சுடுநீர் கிடையாது, அதனால் கீழே காசு போட்டுத் துவைக்கும் டோபிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

இப்போது காலையில் தும்மல் நன்றாகக் குறைந்திருக்கிறது, முழங்கையும் ஆறியிருக்கிறது. தண்டுவடத்துக்கு உறை மருந்தில்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார், மாத்திரையும் பரிசோதனையும் தொடர்கின்றன. நுனி விரலில் இன்னும் கொஞ்சம் மரமரப்பு இருக்கிறது. சடை பின்ன முடிகிறது.

போகும்போது மெத்தையின் உயரத்தை அளந்துகொண்டு போங்கள். நான் அளக்காமல் 8 அங்குலத்துக்கு வாங்கிவிட்டு, மறுநாள் 10 அங்குலத்துக்கு மாற்றப் போனேன். பெரியவர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்.