டப்பா அயிலை: எண்ணெயிலா, உப்புநீரிலா?

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் பச்சை அயிலை விலை ஏறும் அந்த நாட்களில் டப்பா மீன் கைகொடுக்கும். எதை வாங்குவது?

விலை: உப்புநீர் டப்பா பெரும்பாலும் மலிவு. மொத்த எடையைப் பார்த்து ஏமாறாமல், வடித்த எடையை வைத்துக் கணக்கிடுங்கள்.

சுவை: எண்ணெயில் கிடந்த சதை மெத்தென்று இருக்கும், அப்படியே தின்னலாம். உப்புநீர் மீன் சற்று வறண்டது. ஒரு துண்டைப் பிய்த்து ருசி பார்த்த பிறகே குழம்புக்கு உப்பு போடுங்கள்.

சமையல்: இரண்டுமே டப்பாவுக்குள் வெந்தவை. பச்சை மீன்போலக் கொதிக்கவிட்டால் சதை உதிர்ந்து குழம்பு கலங்கிவிடும். குடம்புளியும் தேங்காய் அரைப்பும் கொதித்துக் குறுகியதும் தீயைத் தணித்து, வடித்த உப்புநீர் மீனைப் போடுங்கள். 3 நிமிடம் போதும். கரண்டி விடாமல் சட்டியைச் சுற்றிவிடுங்கள். எண்ணெய் மீனைப் போட்டால் எண்ணெய் மிதந்து புளிப்பு மழுங்கும்.

பரிமாற: அவித்த மரச்சீனிக்கு எண்ணெய் மீன்தான், சந்தேகமே இல்லை. சின்ன உள்ளி 4, காந்தாரி மிளகாய் 2 நசுக்கி, டப்பா எண்ணெயே 2 தேக்கரண்டி விட்டுப் பிசறுங்கள். எலுமிச்சை கடைசியில். நடுமுள் மென்றாலே நொறுங்கும், எடுக்க வேண்டாம்.

ஆக, குழம்புக்கும் கொழுப்பைக் குறைப்பவர்களுக்கும் உப்புநீர். அடுப்பு மூட்டாமல் தொட்டுக்கொள்ள எண்ணெய். மிச்சத்தைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்து 2 நாளுக்குள் முடியுங்கள். உப்பிய டப்பாவைத் திறக்கவே கூடாது.