களைத்த காலைத்தான் கேமராவிடம் காட்ட வேண்டும்

உடம்பில் குறிகள் ஒட்டி, ஓடும் விதத்தைக் கேமராக்களால் அளக்கும் மோஷன் கேப்சர் ஓட்ட ஆய்வுக்குப் பணம் கட்டலாமா என்று யாராவது கேட்டால், "இப்போது எங்காவது வலிக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்பேன். வலியே இல்லாதவர் முன்னெச்சரிக்கையாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போனால், வண்ண வரைபடங்களும் வீண் கவலையும்தான் மிஞ்சும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வலி வருகிறவருக்கு இது உருப்படியான கருவி. எனக்கு வலது முழங்காலின் வெளிப்பக்கம். ஏழெட்டு கிலோமீட்டர் தாண்டியதும் சுருக்கென்று பிடிக்கும், நின்றால் போய்விடும், மறுபடி ஓடினால் அதே இடத்தில் வந்து நிற்கும். இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முழங்காலுக்குக் கீழே வரை இறங்கும் பட்டைத் திசுவின் தொல்லை அது. ஐ.டி. பேண்ட் என்றால் ஓட்டக்காரர்களுக்குப் புரியும்.

சென்னையில் நான் போகும் மையத்தில் டிரெட்மில்லைச் சுற்றி அகச்சிவப்பு கேமராக்கள் இருக்கின்றன. இடுப்பெலும்பின் முனைகள், முழங்கால், கணுக்கால், குதிகால் என்று பல இடங்களில் ஒளியைத் திருப்பியடிக்கும் சிறு உருண்டைகளை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுகிறார்கள். ஓர் உருண்டை இருக்கும் இடத்தைக் கணக்கிட, குறைந்தது இரண்டு கேமராக்களாவது அதைப் பார்த்தாக வேண்டும். இரவு ஓட்டத்துக்காகக் காலணியில் பளபளவென்று ஒரு பட்டை வைத்திருப்பார்களே, அதையும் கேமரா உருண்டை என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் முதல் வேலையாக அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினார்கள்.

முதல் ஆய்வின் அறிக்கை 'எல்லாம் சரி' என்றது. என் அசைவுகளைக் காட்டும் கோடுகள் எல்லாம் வரைபடத்தின் சாம்பல் நிறப் பட்டைக்குள் அடங்கியிருந்தன. காயமில்லாதவர்களின் அளவுகளிலிருந்து வரைந்த பட்டை அது. வெளியே போனால் நோய் என்றோ உள்ளே இருந்தால் நலம் என்றோ அதற்குப் பொருள் இல்லை. அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் விவரமானவர். "வலி வரும் தூரம் வரை ஓடிவிட்டு வாருங்கள்" என்றார். அடுத்த முறை பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடிவிட்டு, வியர்வை சொட்டச் சொட்டப் போய் நின்றேன். ஒட்டிய உருண்டைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. துண்டால் துடைத்து, ஸ்பிரிட் தடவி, மறுபடி ஒட்டுவதற்குள் அங்கிருந்த உதவியாளருக்குப் பொறுமை போய்விட்டது.

ஆனால் விஷயம் அப்போதுதான் வெளிப்பட்டது. வலது காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் இடது பக்க இடுப்பு கீழே சரிந்தது. வலது பாதம் உடலின் நடுக்கோட்டை நெருங்கி விழுந்தது. களைக்காத காலில் இது இல்லவே இல்லை. இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் பிராமா குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, காயமுற்ற 72 ஓட்டக்காரர்களையும் காயமில்லாத 36 பேரையும் ஒப்பிட்டது. இரு தரப்பையும் பிரித்துக் காட்டிய அம்சங்களில் முதன்மையானது இந்த இடுப்புச் சரிவுதான். சரிவால் வலி வந்ததா, வலியால் சரிவு வந்ததா என்பதை அத்தகைய ஒப்பீடு சொல்லாது. என் அறிக்கையும் சொல்லவில்லை.

இடுப்புத் தசைக்குப் பயிற்சி செய்தால் போதும் என்பது பலரும் தரும் அறிவுரை. ரிச்சர்ட் வில்லியும் ஐரீன் டேவிஸும் 2011-ல் இதைச் சோதித்தார்கள். பயிற்சியால் தசை வலுத்தது, ஓடும் விதம் மாறவில்லை. என் அனுபவமும் அதுவே. ஓட்டத்தை மாற்ற, ஓடும்போதுதான் எதையாவது மாற்ற வேண்டியிருந்தது. அடிகளைக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டினேன். அதே வேகத்தில் நிமிடத்துக்கான அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்காலிலும் இடுப்பிலும் சுமை குறையும் என்று பிரையன் ஹைடர்ஷைட் குழுவினர் 2011-ல் காட்டியிருக்கிறார்கள். எல்லோரும் நிமிடத்துக்கு 180 அடி வைக்க வேண்டும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். அது 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் முன்னணி வீரர்களைப் பார்த்து, பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் சொன்ன கணக்கு. நான் 160-ஐ ஒட்டி இருந்தவன். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை வைத்து 170-க்கு வந்தேன். முதலில் ஓடும்போது மூச்சு முட்டியது, பிறகு பழகிவிட்டது. முழங்கால் வலி மெல்ல மெல்ல விலகியது.

அதற்குப் பதில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சுமை எங்கும் மறைந்துபோவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவே. ஹாங்காங்கில் 320 புதிய ஓட்டக்காரர்களை வைத்து நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், அதிராமல் மென்மையாகப் பாதம் பதிக்கப் பழகியவர்களுக்கு ஓராண்டில் காயம் 62 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்களிடம் கெண்டைக்கால், குதிகால் நாண் தொல்லைகள் மற்றவர்களைவிடக் கூடுதல். இதை எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை என்பதுதான் அந்த மையத்தின் மீது என் குறை. குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை முதல் வாரத்திலேயே தொடங்கச் சொல்லியிருக்கலாம்.

துல்லியத்தைப் பற்றியும் ஒரு சொல். உருண்டை ஒட்டியிருப்பது தோலில், எலும்பில் அல்ல; தோல் குலுங்கும். ஒட்டும் ஆள் மாறினாலே அளவுகள் சற்று மாறும். எனவே ஓரிரு பாகை வித்தியாசத்தை வைத்துக்கொண்டு மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். டிரெட்மில் சமதளம், ஈ.சி.ஆர். சாலையின் ஓரம் மழைநீர் வடியச் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே பக்கமாக ஓடுகிறவரின் இரு கால்களும் ஒரே உயரத்தில் ஊன்றுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் இது தெரியவே தெரியாது.

இரண்டு ஆய்வுகளுக்கு இடைப்பட்ட மாதங்களுக்குக் கைப்பேசியே போதும். விநாடிக்கு 240 படம் எடுக்கும் மெது இயக்கத்தில், பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தால் இடுப்புச் சரிவு கண்ணுக்கே தெரியும். மறு ஆய்வுக்குப் போனால் அதே காலணி, அதே வேகம், அதே அளவு களைப்பு இருக்கட்டும். கட்டணம் குறைவில்லை, மறு ஆய்வுக்குச் சலுகை உண்டா என்று முதல் முறையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.