ஒட்டு விட்ட ஜர்னல்: கதை எழுதுகிறவரின் வயிற்றெரிச்சல்

கோபியிலிருந்து நண்பர் கேட்டார்: "ஏனுங்க, அந்தக் கெட்டி அட்டை ஜர்னல் விலை இறங்கியிருக்குதாமா, கதைக்குக் குறிப்பெடுக்க வாங்கலாமுங்களா?" நேற்றுத்தான் என்னுடையது பைண்டிங் கடையிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. அதனால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

முதலில் நியாயம். தாள் அருமை, இங்க் பேனாவில் எழுதினாலும் பின்பக்கம் ஊறாது. வலப்பக்கத்தில் காதில் விழுந்ததை மட்டும் எழுதுவேன், தேதி, இடம் போட்டு. இடப்பக்கம் சும்மா கிடக்கும். மாதங்கள் கழித்துப் புரட்டும்போது தோன்றுவது அங்கே. காங்கயம் பஸ்ஸில் ஒரு பெரியவர் போனில் சொன்னது: "வாய்க்கால்ல தண்ணி உட்டாத் தோட்டம், உடலீன்னா பனியன் கம்பெனி. மாடு எங்க போகும், கண்ணு?" கீழ்பவானி வாய்க்காலின் கடைமடைக்காரர் போலிருக்கிறது. அன்றைக்கு அது வெறும் பேச்சு. பின்னாளில் எதிர்ப்பக்கத்தில், "மாட்டை வாங்க வருகிறவன் யார்?" என்று எழுதினேன். கதை அங்கேதான் பிடித்தது. செல்போன் குறிப்பில் இது நடப்பதில்லை: தேடியது கிடைக்கும், தேடாதது கண்ணில் படாது.

இனி வயிற்றெரிச்சல். முதுகில் நூலே இல்லை, வெறும் பசை. சித்திரை வெயிலில் அது இளகி, தாள் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. ஈரோட்டில் பைண்டிங் போடும் அண்ணன் புரட்டிப் பார்த்தார். "பெரிய தாளைப் பாரம் பாரமா மடிச்சு அடுக்கியிருந்தா மடிப்புல நூல் உட்டுத் தைக்கலாமுங்க. இது ஒத்தை ஒத்தைத் தாளு. ஓரத்துலதான் குத்தித் தைக்கோணும்." தைத்தார். பூச்சி அரிக்காதிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து முதுகுக்குக் காலிகோத் துணியும் ஒட்டினார். உறுதிக்குக் குறைவில்லை. ஆனால் தையல் ஓரத்தை விழுங்கிவிட்டது. இடப்பக்கத்தில் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் உள்ளே. மாட்டை வாங்க வருகிறவன் இருக்கிறான், "யார்" காணோம். நோட்டு விரிந்து படுக்கவும் மாட்டேனென்கிறது. ஒரு கையால் அமுக்கிக்கொண்டே எழுத வேண்டும்.

என் நல்ல கதைகளெல்லாம் இதிலிருந்து வந்தவைதான். இருந்தாலும் சொல்கிறேன், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீங்க. புகழூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுக்கிறார்கள், பள்ளிபாளையத்தில் இன்னொரு ஆலை. இந்த ஊரில் இருந்துகொண்டு பசை நோட்டுக்கா அழுவது? கோடு போடாத தாளாக ஒரு ரீம் வாங்கிக் கொடுத்தால் பாரம் மடித்துத் தைத்துத் தருவாராம் அண்ணன். பள்ளிக்கூடம் திறக்கிற சீசன் முடிந்து வரச் சொல்லியிருக்கிறார்.