எரியும் காலுக்கு எண்ணெயா, மாத்திரையா?

காரைக்குடியில் எந்த மருந்துக் கடையில் கொஞ்ச நேரம் நின்றாலும், "அண்ணே, கால் எரிச்சலுக்கு நரம்பு மாத்திரை ஒரு அட்டை குடுங்க" என்று யாராவது கேட்பது காதில் விழும். வீட்டிலோ ஆச்சி விளக்கெண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டிருப்பார். சர்க்கரை நோயிலோ, பி12 என்ற வைட்டமின் குறைவிலோ நரம்பு கெட்டு வரும் எரிச்சலுக்கு இதில் எது தேவலை?

அதற்கு முன்னால், கால் எரிகிறதா, மரத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பலருக்கு இரண்டுமே இருக்கும், மரத்துப்போனது மட்டும் தெரியாது. வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணை மூடிப் படுக்கச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஓரிரு நொடி லேசாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது. ஆறில் இரண்டு இடமோ அதற்கு மேலோ தொட்டது தெரியவில்லை என்றால், அது மரத்த கால். வைத்தியத் தேர்வே இதை வைத்து மாறுகிறது.

எரியும் கால், மரத்த கால் இரண்டுக்குமே எண்ணெய் நல்லது. நரம்பை அது சரிசெய்யாது. ஆனால் சர்க்கரை நோயில் பாதம் வியர்ப்பது குறைந்து, தோல் வறண்டு வெடிக்கும். புண் தொடங்குவது அந்த வெடிப்பில்தான். அதைத் தடுக்க நல்லெண்ணெயே போதும், சூடுபண்ணவே வேண்டாம். விரல் இடுக்கில் தடவக் கூடாது, ஈரம் தங்கிப் படை வரும். எண்ணெய்க் காலோடு ஆத்தங்குடிக் கல் தரையில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படுக்கப்போகும்போது தடவுங்கள்.

அரைத்த மருதாணி எரிச்சலுக்குக் குளுமை, அவ்வளவுதான். கடையில் விற்கும் கறுப்பு மருதாணி வேண்டாம். அதில் சேர்க்கும் சாயம் தோலைப் புண்ணாக்கும்.

கல்லுப்புப் போட்ட வெந்நீரில் காலை வைப்பதுதான் எனக்குப் பயம். எரியும் கால் என்றால் பொறுக்காமல் எடுத்துவிடுவோம். மரத்த காலுக்குச் சூடு உறைக்காது, பிறகு கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். சர்க்கரைக்காரருக்கு அந்தக் கொப்புளம் ஆறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மரத்த கால்காரர்கள் வெந்நீர் ஒத்தடத்தையும் ஹீட்டிங் பேடையும் மறந்துவிடலாம்.

மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின், 0.075% களிம்பாகக் கிடைக்கிறது. முதல் சில நாள் எரிச்சல் கூடும், தொடர்ந்து வாரக்கணக்கில் தடவினால் சிலருக்கு வலி குறையும். நம்மூரில் மிளகாய்க்குப் பஞ்சமில்லைதான், அதற்காக அம்மியில் அரைத்துப் பூசிவிடாதீர்கள்.

மாத்திரைகளில் நான் முதலிடம் கொடுப்பது பி12-க்கு. உடம்பில் அது குறைந்ததால் வந்த நரம்புக் கோளாறு என்றால், இட்டு நிரப்பினால் நரம்பே தேறும். நாள்பட்டுவிட்டால் முழுதாகத் தேறாது. வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சைவக்காரர்கள், நெஞ்செரிச்சல் மாத்திரையை விடாமல் போடுகிறவர்கள் இரத்தத்தில் பி12 அளவைப் பார்ப்பது நல்லது. மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், பிறகு பார்த்தால் கணக்குத் தப்பும். குறைவே இல்லாதவருக்கு 1500 மைக்ரோகிராம் மீத்தைல்கோபாலமின் (மாத்திரையில் வரும் பி12) பெரிதாக ஒன்றும் செய்துவிடாது.

நரம்பு எரிச்சலுக்கென்று விற்கும் இன்னொரு மாத்திரையான ஆல்ஃபா லிபோயிக் ஆசிட் விலை கூடியது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், தினம் 600 மி.கி. சாப்பிட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு ஐந்து வாரத்தில் எரிச்சலும் குத்தலும் குறைந்தன. மாதக்கணக்கில் நடந்த ஆய்வுகளில் அந்த அளவுக்குத் தேறவில்லை. காசு இருந்தால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கொஞ்ச நாள் சாப்பிட்டுப் பார்க்கலாம், சிலருக்குக் குமட்டும்.

நரம்பு மாத்திரை அட்டையின் பின்பக்கம் பைரிடாக்சின் என்று போட்டிருக்கும், அதுதான் பி6. சிலவற்றில் 100 மி.கி. வரை இருக்கும். அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டால் அதுவே காலை மரக்கச் செய்யும்! ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் ஒரு நாளைக்கு 12 மி.கி.தான் உச்சவரம்பு என்று குறைத்தது. சீட்டில்லாமல் அட்டை அட்டையாக வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

மஞ்சள் காப்ஸ்யூலும் வெந்தயமும் நரம்பைத் தேற்றியதாக நல்ல சான்று இல்லை. வெந்தயம் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும், அந்த வகையில் லாபம். கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே, அதில் சீனியும் நெய்யும் தேங்காய்ப்பூவும் போட்டு இரண்டு கிண்ணம் சாப்பிடுவது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை.

தூக்கம் கெடும் அளவு எரிந்தால் இந்தப் பட்டியலில் எதுவும் போதாது. நரம்பு வலியைக் குறைக்கும் பிரிகாபலின், டூலோக்ஸெடின் போன்ற மருந்துகள் டாக்டர் சீட்டில்தான் கிடைக்கும். சில நாட்களிலேயே பலவீனம் காலிலிருந்து மேலே ஏறினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் மேலே சொன்ன விரல் சோதனையைக் கிளம்புவதற்கு முன்பே செய்துவிடுங்கள். மரத்த கால் என்றால், வேண்டுதலே ஆனாலும் வெறுங்காலில் நடக்க வேண்டாம், மெத்தென்ற ஷூ போடுங்கள். ஒவ்வொரு தங்கலிலும் உள்ளங்காலுக்குக் கீழே கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள், அல்லது கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முள் குத்தியிருந்தாலும், கொப்புளம் கிளம்பியிருந்தாலும் அதற்கு மேல் வண்டியில் போங்கள்.