எஞ்சின் நின்றால் நேரே இறங்குவதா, திரும்புவதா, பாராசூட்டை இழுப்பதா?

ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தில் ஐயாயிரம் அடி உயரத்தில் எஞ்சின் நின்றால் பெரும்பாலும் யோசிக்க நேரம் இருக்கும். செஸ்னா 172 எஞ்சின் இல்லாமலே, ஆயிரம் அடி உயரத்தை இழப்பதற்குள் சுமார் ஒன்றரை கடல் மைல் மிதந்து போகும். வேகத்தைச் சுமார் 68 நாட் (மணிக்கு 68 கடல் மைல்) என்று பிடித்துக்கொண்டு, வயலோ ஓடுபாதையோ ஒன்றைத் தேர்ந்து அதன் பக்கம் திரும்பி, எரிபொருள் டாங்கை மாற்றிப் பார்க்கலாம். கார்புரேட்டர் உள்ள மாடல் என்றால் அதற்குள் படிந்த பனியை உருக்கும் ஹீட்டை இழுத்துப் பார்க்கலாம், மறுபடி ஸ்டார்ட் செய்தும் பார்க்கலாம்.

ஓடுபாதையை விட்டு எழும்பி ஐந்நூறு அடி கூடத் தாண்டாதபோது நின்றால்தான் சிக்கல். அங்கே இருப்பது மூன்று வழிகள்: முன்னால் கிடைக்கும் இடத்தில் நேரே இறங்குவது, திரும்பிப் போய்க் கிளம்பிய ஓடுபாதையைப் பிடிப்பது, விமானத்தில் பாராசூட் இருந்தால் அதை இழுப்பது.

திரும்பும் ஆசைதான் எல்லாருக்கும் முதலில் வரும். கிலோமீட்டர் கணக்கில் நீளமான தார்ப்பாதை பின்னாலேயே இருக்கிறதே! அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் கையேட்டில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. 300 அடியில் எஞ்சின் நிற்கிறது. சுதாரிக்க 4 விநாடி. பிறகு விநாடிக்கு 3 பாகை வீதம் திரும்பினால் 180 பாகைக்கு ஒரு நிமிடம். ஆனால் திருப்பம் முடியும்போது விமானம் ஓடுபாதைக்கு நேராக இருக்காது, 4,200 அடி பக்கவாட்டில் இருக்கும். ஓடுபாதை நோக்கி இன்னும் 45 பாகை திரும்ப வேண்டும். மொத்தம் 79 விநாடி. நிமிடத்துக்கு ஆயிரம் அடி இறங்கும் விமானம் அதற்குள் 1,316 அடி இழந்திருக்கும். இருந்ததோ 300 அடி.

சரி, இன்னும் சாய்த்து வேகமாகத் திருப்பலாமே என்று தோன்றும். திருப்பலாம், திருப்பத்தின் வட்டமும் சிறிதாகும். ஆனால் சாய்வு கூடக்கூட ஸ்டால் வேகமும், அதாவது எந்த வேகத்துக்குக் கீழே இறக்கை தூக்காதோ அந்த வேகமும், ஏறும்: 45 பாகையில் 19 சதவீதம், 60 பாகையில் 41 சதவீதம். செஸ்னா 172எஸ் மாடலில் ஃபிளாப் எனும் இறக்கைப் பின்மடலை இறக்காமல் ஸ்டால் வேகம் 48 நாட். உயரம் குறையாமல் 60 பாகை சாய்வில் திரும்பினால் அது 68 நாட் ஆகிவிடும். எஞ்சின் நின்றால் அதிக தூரம் மிதக்கப் பிடிக்கச் சொல்லும் வேகமும் அதே 68 நாட்தான். கீழே மரங்கள் பெரிதாகிக்கொண்டே வர, பதற்றத்தில் ஸ்டிக்கைக் கொஞ்சம் பின்னால் இழுத்தாலே இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். அந்த உயரத்தில் ஸ்டால் ஆனால் மீட்க வழியில்லை.

திரும்புவது எப்போதுமே முடியாத காரியம் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கக் கடற்படை அகாடமிப் பேராசிரியர் டேவிட் ராஜர்ஸ் 1995இல் இதைக் கணக்குப் போட்டு ஆராய்ந்து, போதுமான உயரம் இருந்தால் ஸ்டாலுக்குச் சற்றே மேலான வேகத்தில் 45 பாகை சாய்வுதான் குறைந்த உயரத்தை இழக்கும் வழி என்று காட்டினார். அந்தப் 'போதுமான உயரம்' விமானத்துக்கு விமானம், காற்றுக்குக் காற்று, ஆளுக்கு ஆள் மாறும். பயிற்றுநரோடு பாதுகாப்பான உயரத்தில் பழகி, தன் கையில் எத்தனை அடி இழப்பு என்று அளந்து வைத்திருப்பவருக்குத்தான் இந்த வழி திறந்திருக்கிறது. மற்றவர்களுக்கு இல்லை.

நேரே இறங்குவது பார்க்கப் பயங்கரம், இயற்பியலில் கருணை மிக்கது. எதிர்காற்று 10 நாட் என்றால், 65 நாட் வேகத்தில் வரும் விமானம் தரையைத் தொடும் வேகம் 55 நாட். திரும்பி வந்தால் அதே காற்று முதுகில் தள்ளும், வேகம் 75. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியோடு ஏறுவதால் அது ஏறக்குறைய இரட்டிப்பு. அப்புறம் இன்னொன்று: மணிக்கு 50 மைல் வேகத்தில் வரும் விமானம் ஒன்பது ஜி (புவியீர்ப்பைப் போல் ஒன்பது மடங்கு) அதிர்வோடு நிற்க வெறும் 9.4 அடி போதும் என்கிறது அதே கையேடு. அதுவே 100 மைல் என்றால் 37.8 அடி. வேலியோ புதரோ பயிரோ இறக்கையைக் கிழித்தாலும், உட்கார்ந்திருப்பவர்கள் பிழைக்க இடமுண்டு. தோள் பட்டையைப் போட்டு, கதவைத் திறந்து வைத்து, கட்டுப்பாட்டை இழக்காமல் இறங்க வேண்டும். விமானம் போனால் போகட்டும்.

2015 மார்ச்சில் நடிகர் ஹாரிசன் ஃபோர்டுக்கு நடந்தது இங்கே பொருந்தும். கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் கிளம்பிய அவருடைய பழைய ரயன் பயிற்சி விமானத்தின் எஞ்சின், கார்புரேட்டருக்குள் எரிபொருளை அளந்துவிடும் ஜெட் என்ற சிறு துளைப் பாகம் கழன்றதால் சக்தி இழந்தது. திரும்பி வருவதாகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார், திரும்பவும் தொடங்கினார். எட்டாது என்று தெரிந்ததும் ஓடுபாதையைக் கைவிட்டுக் கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். மர உச்சியில் மோதிப் பலத்த காயம், ஆனால் உயிர் பிழைத்தார். எட்டாத ஓடுபாதையை எட்டியே தீருவேன் என்று இழுக்காமல் விட்டாரே, அந்த முடிவைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

மூன்றாவது வழி எல்லாருக்கும் இல்லை. சிரஸ் எஸ்ஆர்20, எஸ்ஆர்22 விமானங்களில் கூரையிலுள்ள சிவப்புப் பிடியை இழுத்தால், ராக்கெட் ஒன்று பாராசூட்டை வெளியே இழுத்து முழு விமானத்தையும் தொங்கவிடும். 2002 அக்டோபரில் டெக்சாஸில் முதல் முறையாக இது ஓர் உயிரைக் காத்தது. 2015 ஜனவரியில் ஹவாய்க்குப் போன ஒரு எஸ்ஆர்22, கூடுதல் டாங்கிலிருந்த எரிபொருளை மாற்றிவிட முடியாமல் பசிபிக் நடுவே பாராசூட்டில் இறங்கியது. விமானியைப் பயணக் கப்பல் ஒன்று மீட்டது. இதற்கும் உயரம் வேண்டும். நேராகப் பறக்கும்போது பழைய மாடல்கள் 400 அடியும் ஜி5 மாடல் 561 அடியும் இழக்கின்றன. அதனால் சுமார் 500, 600 அடிக்குக் கீழே சிரஸ்காரர்களும் நேரே இறங்குவதையே சொல்லித் தருகிறார்கள். அதற்கு மேல் 2,000 அடி வரை யோசிக்காமல் இழு என்கிறார்கள். இழுத்த பிறகு எங்கே விழுவது என்பது காற்றின் கையில். ஆனாலும் திரும்பும் முயற்சியோடு ஒப்பிட்டால் நான் பாராசூட்டையே தேர்வேன்.

எஞ்சின் முழுதாக நின்றால் இதெல்லாம் ஓரளவு தெளிவு. பாதி நிற்பதுதான் மோசம். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு ஏடிஎஸ்பி, 2000 முதல் 2010 வரை அந்நாட்டில் ஒற்றை எஞ்சின் விமானங்கள் கிளம்பியதும் சந்தித்த கோளாறுகளைத் தொகுத்தது. முழுதாக நின்றவை 75, அவற்றில் உயிர்ச்சேதமே இல்லை. சக்தி முழுதும் போகாமல் குறைந்தவை 242, அவற்றில் ஒன்பதில் உயிர்கள் போயின. காரணம் புரிகிறது. நின்ற எஞ்சின் விமானியைத் தரையைப் பார்க்க வைக்கிறது. இருமி இருமி ஓடும் எஞ்சின் 'இன்னும் கொஞ்சம் போகலாம், திரும்பிவிடலாம்' என்று நம்பிக்கை கொடுத்து, சாய்ந்த திருப்பத்தின் நடுவில் கைவிடுகிறது. மிச்சமிருக்கும் சக்தியை அடுத்த நொடியே போய்விடக்கூடியது என்று வைத்தே பறக்க வேண்டும்: மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காத்து, இறங்கக்கூடிய வெளிகளுக்கு மேலேயே போக வேண்டும், திருப்பங்கள் மென்மையாக இருக்க வேண்டும். எஞ்சின் அடியோடு நின்றாலும் மிதந்தே எட்டலாம் என்ற உயரம் வந்த பிறகுதான் ஓடுபாதைப் பக்கம் திரும்பலாம்.