10 லிட்டர் குக்கரும் 3 வருட ஞாயிற்றுக்கிழமைகளும்

கோவையிலிருந்து எதிர்வீட்டுக்குக் குடிவந்த பெண் போன வாரம் என்னை வாசலில் நிறுத்திக் கேட்டாள். "அக்கா, உங்ககிட்ட இருக்கிற மாதிரி பெரிய குக்கர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். பால், தயிர், நெய் எல்லாத்தையும் விட்டுட்டோம். ஞாயித்துக்கிழமை ஒரே தடவையா சமைச்சு வச்சுட்டா வாரம் ஓடிரும்ல?"

அன்றைக்குத்தான் அந்தக் குக்கரின் மூடியை ரிப்பேர் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தேன். கையில் பையும் மனசில் கோபமுமாக நின்றவள், "வாங்காதம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அது நியாயமான பதில் இல்லை. மூன்று வருடமாக எங்கள் வீட்டுச் சாப்பாடே அந்தக் குக்கரில்தான் நடக்கிறது. அதனால் அவளுக்கும், அவளைப் போல மலைக்கு வந்து சைவத்திலும் பாலில்லாத சைவத்துக்கு மாறுகிறவர்களுக்கும் முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு ஊட்டி காந்தல் பக்கம், சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காது, 93-க்குப் பக்கத்தில் வந்ததுமே தளதளவென்று கொதிக்க ஆரம்பித்துவிடும். அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். காய்கறிக்கு அது பெரிய குறையில்லை. கொண்டைக்கடலை, ராஜ்மா, காய்ந்த மொச்சை என்று பயறை நம்பி வாழ்கிறவர்களுக்கு அதுதான் முழுப் பிரச்சினையும். பால் பொருள் இல்லாத வீட்டில் புரதத்துக்குப் பயறும் பருப்பும்தான் கதி. அதை வேகவைக்க இந்த ஊரில் குக்கரை விட்டால் வேறு வழியில்லை.

குக்கருக்குள்ளும் மலை தன் பங்கைக் கழித்துக்கொள்ளும். சமவெளியில் வெயிட் போட்ட குக்கரின் உள்ளே சூடு 120 டிகிரியை ஒட்டி இருக்கும். இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு, அதனால் அதே வெயிட்டுக்கு 116, 117 தான். கோவையில் அம்மா சொன்ன விசில் கணக்கு இங்கே பலிக்காததற்குக் காரணம் இதுதான். நான் விசில் எண்ணுவதையே விட்டுவிட்டேன். முதல் விசில் வந்ததும் அடுப்பை சிம்மில் வைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பேன். கீழே 20 நிமிடம் என்றால் இங்கே 25, அதாவது கால் பங்கு கூடுதல்.

ஊறவைப்பதிலும் குளிரின் கை உண்டு. டிசம்பர், ஜனவரியில் ராத்திரி சமையலறையே 10 டிகிரிக்கு இறங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் போட்ட ராஜ்மா காலையில் பார்த்தால் தோல் சுருங்கியபடியே கிடக்கும். சனிக்கிழமை ராத்திரி வெந்நீர் ஊற்றி மூடி, பாத்திரத்தைப் பழைய கம்பளியால் சுற்றி வைக்கிறேன். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைப்பேன். புளியும் தக்காளியும் பயறு வெந்த பிறகுதான், புளிப்பு முன்னாடியே சேர்ந்தால் தோல் இளகாது. சோடா உப்பு போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் பயறில் இருக்கிற தயாமின் சத்து போய்விடும். நான் போடுவதில்லை.

நுரை கட்டும் பயறுக்குக் குக்கரில் பாதி அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. ஆக 10 லிட்டரில் 5 லிட்டர்தான் நமக்கு. காய்ந்த பயறு ஒரு கிலோ தாராளமாக வேகும், மூன்று பேருக்கு ஐந்தாறு வேளைக்கு வரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறு, வாரம் முழுவதற்குமான குழம்பையும் ஒரே நாளில் முடித்து வைப்பது. புதன்கிழமைக்குள் வீட்டில் எல்லோருக்கும் அலுத்துவிடும். நான் வெந்த பயறு, வெந்த துவரம்பருப்பு, வதக்கிய வெங்காயம் தக்காளி மசாலா மூன்றையும் தனித்தனி எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைக்கிறேன். ஒரே கொண்டைக்கடலை ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் புளிக்குழம்பு, ஒரு நாள் தேங்காய் அரைத்துவிட்ட குருமா. தேங்காய் அன்றன்றைக்குத்தான், முதலிலேயே அரைத்து ஊற்றி உறையவைத்தால் திரிந்து போகும். உருளைக்கிழங்கை உறையவைத்தால் மணல் மாதிரி ஆகிவிடும், அதையும் அன்றன்றைக்குத்தான் நறுக்க வேண்டும்.

ஊட்டிக் குளிரை நம்பிப் பாத்திரத்தை மேடையிலேயே விட்டுவிடாதீர்கள். குளிர்கிறதே தவிர அது ஃபிரிட்ஜ் இல்லை. அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். மூன்று நாலு நாளைக்கானது கீழே, மிச்சம் ஃபிரீசரில். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பால் பொருளை அடியோடு விட்டால் பி12 சத்து பயறிலிருந்தோ கீரையிலிருந்தோ வராது. டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்.

இந்தக் குக்கர் எனக்குத் தந்த சந்தோஷம் பட்டர் பீன்ஸ். சீசனில் நகராட்சி மார்க்கெட்டில் உரித்ததாகவே கிடைக்கும், வெளிர்பச்சை நிறத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு. இஞ்சி, பூண்டு, ஒரு துண்டு பட்டை, உப்பு போட்டு இதில் வேகவைத்துத் திறந்தால் ஒன்றுகூட உடைந்திருக்காது. வாயில் வைத்தால் வெண்ணெய்தான். அடி அவ்வளவு கனம் என்பதால் சூடு நிதானமாக ஏறுகிறது. சின்னக் குக்கரில் எத்தனையோ தடவை செய்து பார்த்திருக்கிறேன், பாதி கரைந்து கூழாகிவிடும். இதில் வெந்த பீன்ஸை இரண்டு மாதம் கழித்து ஃபிரீசரிலிருந்து எடுத்தாலும் முழுசாகவே இருக்கும். பால் சேர்த்துக்கொள்ளும் என் மாமியார்கூட, "இதுல நெய் ஊத்தியிருக்கியா?" என்று கேட்டார்.

இனி ரப்பர் விஷயம். மூன்று வருடத்தில் ஐந்து கேஸ்கட் மாற்றியிருக்கிறேன். வாங்கி நாலைந்து மாதத்திலேயே, கைப்பிடிக்கு நேர் எதிர்ப்பக்கம், விளிம்பில் புஸ்ஸென்று ஆவி கசிய ஆரம்பித்தது. கசிந்த ஆவி சொட்டுச் சொட்டாகப் பக்கவாட்டில் வழிந்து பர்னரில் விழும். கம்பெனி சர்வீஸில் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: "ரப்பர் மாத்துங்க மேடம், குளிருக்கு இறுகிடும்." குளிருக்கு ரப்பர் இறுகுவது உண்மைதான். மாட்டுவதற்கு முன் வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் இளகும், நானும் செய்தேன். புது ரப்பர் ஒரு மாதம் தாங்கும், மறுபடி அதே இடத்தில் கசியும்.

இதைச் சில்லறைத் தொந்தரவு என்று நினைக்காதீர்கள். ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது, பைட்டோஹீமக்ளூட்டினின் என்று பெயர். நன்றாகக் கொதித்து வெந்தால்தான் அது அழியும், அரைவேக்காட்டில் போகாது. இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் ராஜ்மா கூடாது என்பது அதனால்தான். போன ஜனவரியில், உறைபனி விழுந்த ஒரு காலையில், சிலிண்டர் குளிர்ந்து தீயே ஒல்லியாக எரிந்தது. அந்தத் தீயில் வந்த ஆவியெல்லாம் ரப்பர் வழியாகப் போய்விட்டது. வெயிட் லேசாக ஆடியதை விசில் என்று நினைத்து நேரம் வைத்துவிட்டேன். மேலாக எடுத்த பயறு மெத்தென்று இருந்தது, உள்ளே கிடந்ததில் பாதி நடுவில் கடுக்கென்று இருந்திருக்கிறது. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் என் கணவருக்கு ஆரம்பித்த வாந்தி சாயங்காலம் வரை நிற்கவில்லை. அன்று முதல் ஐந்து இடத்திலிருந்து பயறு எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்காமல் யாருக்கும் பரிமாறுவதில்லை.

போன வாரம் ரிப்பேர் கடைக்காரர் ரப்பரைத் தொடவே இல்லை. மூடியைக் கழற்றி அங்கிருந்த கிரானைட் பலகைமேல் கவிழ்த்து வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு 10 ரூபாய் நோட்டை எடுத்து விளிம்பைச் சுற்றி நுழைத்துக்கொண்டே வந்தார். எங்கும் நுழையாத நோட்டு, கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் மட்டும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. "ரப்பர் என்னம்மா செய்யும், மூடியே நெளிஞ்சிருக்கு" என்றார். மரச்சுத்தியால் பத்து நிமிடம் தட்டிச் சரி செய்து 120 ரூபாய் வாங்கிக்கொண்டார். நான் மூடியை ஒரு நாளும் கீழே போட்டதில்லை. முதல் மாதங்களிலேயே அதே இடத்தில் கசிந்ததென்றால் வரும்போதே நெளிந்துதான் வந்திருக்கிறது. பலகைமேல் கவிழ்த்துப் பார்க்க சர்வீஸில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூடி வந்த பிறகு இரண்டு தடவை சமைத்துவிட்டேன். ஒரு சொட்டு வழியவில்லை, முதல் விசில் முன்னைவிடச் சீக்கிரமே வந்துவிட்டது. பட்டர் பீன்ஸ் எப்போதும் போல அருமை. இருந்தும் இன்றைக்கு என்னிடம் கேட்டால் இதே குக்கரை வாங்கு என்று வாய் வராது. 5 லிட்டரில் இரண்டு வாங்கிக்கொள், ஒன்று மக்கர் செய்தாலும் இன்னொன்றில் பருப்பாவது வேகும் என்றுதான் சொல்வேன். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ.

எதை வாங்கினாலும் காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே ரப்பரைக் கழற்றிவிட்டு, மூடியைச் சமமான மேடையில் கவிழ்த்து, ஒரு நோட்டை விளிம்பு முழுக்க நுழைத்துப் பார். எங்காவது உள்ளே போனால் வேறு மூடி கேள். எடுத்துக் காட்ட மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடு.