பாத்லிப்: எட்டு வருடப் பழக்கத்துக்குப் பிறகு

பைத்தான் எழுதத் தொடங்கிய புதிதில் நான் செய்த ஒரு நிரல் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரே வரியில், கோப்புப் பாதைகளைக் கையாளும் பழைய வசதியான ஓஎஸ்.பாத் நான்கு தடவை வரும். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அதற்குள் இன்னொன்று. அந்த வரி செய்யும் வேலை என்னவோ ரொம்பச் சின்னது: நிரல் இருக்கும் ஃபோல்டரிலிருந்து ஒரு படி மேலே ஏறி, பக்கத்து ஃபோல்டரில் கிடக்கும் கோப்பைப் பிடிக்க வேண்டும். 2017-இல், பாதைகளுக்கென்றே பைத்தானோடு வரும் லைப்ரரியான பாத்லிப்புக்கு மாறியபோது இதே வேலை இரண்டு 'பேரன்ட்' (மேல் ஃபோல்டருக்குப் போவது), இரண்டு சாய்கோடு (பாதையோடு அடுத்த பெயரை ஒட்டுவது) என்று முடிந்துவிட்டது. ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தாலும் புரிந்தது. அன்றைக்கு எனக்கு அதுவே பெரிய விஷயம்.

எட்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் வேலை இப்படி: ஸ்கேன் செய்த பக்கங்கள், ஒலிப்பதிவுகள், அவற்றைக் கேட்டு எழுதிய உரைக்கோப்புகள் என்று வந்து குவிவதைப் பெயர் பார்த்துப் பிரித்து, நகலெடுத்து, எதுவும் விடுபடவில்லை என்று சரிபார்க்க வேண்டும். மொத்தம் சில லட்சம் கோப்புகள். நான் எழுதுவது லினக்ஸில். ஓட்டுபவர்கள் விண்டோஸிலும் மேக்கிலும் ஓட்டுவார்கள். ஒரு லைப்ரரியின் சாயம் வெளுக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது.

பாத்லிப் பைத்தானுக்குள் வந்தது 3.4 பதிப்பில், 2014-இல். அன்டுவான் பித்ரூ எழுதிய பெப் 428 அதன் முன்மொழிவு. முதல் இரண்டு வருடம் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நீங்கள் ஆசையாகக் கட்டிய பாதையை, கோப்பைத் திறக்கும் ஓப்பனிடம் கொடுத்தால் அது வாங்கிக்கொள்ளாது. மறுபடி ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துச் சரமாக, மாற்றிக் கொடுக்க வேண்டும். 2016 டிசம்பரில் வந்த 3.6 பதிப்பு அதைச் சரிசெய்தது. நான் அதற்குப் பிறகு சேர்ந்தவன் என்பதால் தப்பித்தேன். ஆனாலும் வெளியார் எழுதிய சில லைப்ரரிகள் அதற்குப் பின்னும் ஸ்ட்ரிங்தான் வேண்டும் என்று அடம்பிடித்தன.

சாய்கோட்டை எல்லோரும் புகழ்வார்கள். என் ஓட்டு பியூர்பாத்துக்கு. டிஸ்க்கையே தொடாமல், பாதையை வெறும் எழுத்தாக வைத்து அலசும் வகை அது. ஒருமுறை விண்டோஸ் கணினி ஒன்றிலிருந்து எடுத்த கோப்புப் பட்டியல் வந்தது, எல்லாம் பின்சாய்கோட்டோடு. லினக்ஸில் பின்சாய்கோடு பெயருக்குள் வரத்தக்க சாதாரண எழுத்து. அதனால் முழுப் பாதையையும் ஒரே கோப்பின் நீளமான பெயர் என்று அது எடுத்துக்கொண்டது. வெட்டி ஒட்ட உட்காரும் முன் கையேட்டைப் புரட்டினேன். பியூர்விண்டோஸ்பாத் என்று ஒன்று அங்கேயே இருந்தது. லினக்ஸில் உட்கார்ந்துகொண்டே விண்டோஸ் பாதையை அதன் விதிப்படி பிரித்துத் தந்துவிட்டது.

சரி, அடி வாங்கிய கதைகளுக்கு வருகிறேன்.

கோப்புப் பெயரில் புள்ளி வந்தால் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் பாத்லிப் வகைப்பெயர் (.txt மாதிரி கோப்பின் வகையைச் சொல்லும் பின்னொட்டு) என்றே நினைக்கும். 'கூட்டம் 12.03.2019' என்று ஒரு ஒலிப்பதிவின் பெயர். இதற்குரிய உரைக்கோப்பின் பெயரை உருவாக்க நான் 'வித் சஃபிக்ஸ்' போட்டு வகைப்பெயரை மாற்றச் சொன்னேன். அது 2019-ஐ வகைப்பெயராக எண்ணித் தூக்கிவிட்டு, 'கூட்டம் 12.03' என்பதோடு புதியதை ஒட்டியது. இதில் விபரீதம் எங்கே என்றால், 2018 மார்ச் 12 கூட்டமும் 2019 மார்ச் 12 கூட்டமும் ஒரே பெயருக்கு வந்து சேர்ந்தன. தவறு லைப்ரரியுடையது அல்ல. கையேட்டில் எழுதியபடிதான் நடந்துகொள்கிறது. பெயரைப் பார்த்து முடிவெடுக்கும் அழைப்பை, பெயர் எப்படி வரும் என்று யோசிக்காமல் போட்டது நான்.

இந்தக் கதைக்கு இரண்டாம் பாகம் உண்டு. தற்காலிகப் பெயரில் எழுதிய உரைக்கோப்பை, அந்தத் தப்பான பெயருக்கு 'ரீநேம்' வழியாக மாற்றிக்கொண்டிருந்தேன். லினக்ஸில் அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால், ரீநேம் சத்தமில்லாமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிடும். பழையது போனது போனதுதான். அதே நிரலை விண்டோஸில் ஓட்டிய நண்பர், இரண்டாவது கூட்டத்திலேயே 'கோப்பு ஏற்கெனவே இருக்கிறது' என்ற பிழையோடு நின்றுவிட்டதாகப் புகார் சொன்னார். விண்டோஸ்தான் ஏதோ தகராறு செய்கிறது என்று நான் முதலில் அலட்சியமாகப் பதில் சொன்னேன். அப்புறம்தான் உறைத்தது, அவருடைய கணினி சரியாக நின்றிருக்கிறது, என்னுடையது ஒரு வாரமாக விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது என்று. காப்புப் பிரதி இருந்ததால் பிழைத்தேன். மேலெழுதத்தான் போகிறேன் என்றால் இப்போது 'ரீப்ளேஸ்' என்று வெளிப்படையாக எழுதுகிறேன். அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கும். மேலெழுதக் கூடாது என்றால், கோப்பைத் திறக்கும்போதே 'எக்ஸ்' முறையில் திறக்கிறேன், ஏற்கெனவே இருந்தால் அது பிழை சொல்லி நின்றுவிடும். இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு திறப்பது வேலைக்கு ஆகாது. கேள்விக்கும் திறப்புக்கும் நடுவில் இன்னொரு நிரல் புகுந்துவிடலாம்.

ரீநேமில் இன்னொரு கெடுபிடி: ஒரே கோப்பு முறைமைக்குள்தான் அது வேலை செய்யும். வெளியே செருகிய டிஸ்க்குக்கு மாற்றப் பார்த்தால் லினக்ஸில் பிழை எண் 18 வந்து நிற்கும். இடம் மாறும்போது உள்ளே உள்ள தரவு நகர்வதில்லை, பெயர்ப்பட்டியலில் ஒரு பதிவுதான் மாறுகிறது. இன்னொரு டிஸ்க்கின் பட்டியலில் அதைப் போட முடியாது. அந்த மாதிரி வேலைக்குப் பைத்தானின் இன்னொரு லைப்ரரியான ஷூட்டில்லின் 'மூவ்' வேண்டும். அது தேவைப்பட்டால் நகலெடுத்துவிட்டுப் பழையதை அழிக்கும்.

சாய்கோட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. வலப்பக்கம் வரும் பெயர் சாய்கோட்டில் தொடங்கினால், இடப்பக்கம் நீங்கள் கட்டியதெல்லாம் காற்றில் போகும். பழைய ஓஎஸ்.பாத்திலும் இதே கதைதான். ஒரு அட்டவணையில் யாரோ ஃபோல்டர் பெயர்களுக்கு முன்னால் சாய்கோடு போட்டு வைத்திருந்தார்கள். என் நிரல் நேராக டிஸ்க்கின் வேருக்குப் போய் அங்கே ஃபோல்டர் உருவாக்கப் பார்த்தது. அனுமதி இல்லை என்று இயங்குதளம் விரட்டியதால் பிழைத்தேன். வெற்றுப் பெயரும் ஆபத்தானது. பாத்துக்குக் காலி ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் அது ஒற்றைப் புள்ளி ஆகிவிடும், அதாவது நீங்கள் நிற்கும் ஃபோல்டர். அழிக்கும் வேலை செய்யும் நிரலில் இதை நினைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் எந்தப் பெயரையும் இப்போது காலியா, சாய்கோட்டில் தொடங்குகிறதா என்று பார்க்காமல் ஒட்டுவதில்லை.

தமிழில் எழுதும் நமக்கென்று ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. 'ரீட் டெக்ஸ்ட்' என்று ஒரே அழைப்பில் முழு உரையும் கைக்கு வருவது 3.5 முதல் கிடைத்த வசதி. ஆனால் குறியாக்கம் (எழுத்துகளை பைட்டுகளாக வைக்கும் முறை) என்ன என்று நீங்கள் சொல்லாவிட்டால் கணினியின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். பல விண்டோஸ் கணினிகளில் அது 1252 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளியின் மூன்றாவது பைட் 8டி. அந்த ஐரோப்பியக் குறியாக்கத்தில் அந்த இடம் காலி. அதனால் புள்ளி வந்த இடத்தில் பைத்தான் பிழை சொல்லி நின்றுவிடும். புள்ளியே இல்லாத தமிழ்ப் பத்தியை எங்கே தேடுவது? எங்கள் உரைகள் கண்டபடி சிதையாமல் தப்பியதற்குத் தொல்காப்பியர் காலத்துப் புள்ளியே காவல் என்று நண்பரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

படிக்கும்போது பிழை வந்தால் நஷ்டமில்லை. எழுதும்போது வந்தால்தான் வம்பு. 'ரைட் டெக்ஸ்ட்' முதலில் கோப்பைத் திறக்கிறது. திறந்த மாத்திரத்திலேயே பழைய உள்ளடக்கம் துடைக்கப்படுகிறது. அதற்குப் பிறகுதான் தமிழைக் குறியாக்கம் செய்யப் பார்த்துத் தோற்கிறது. மிச்சம் பூஜ்ஜியம் பைட் கோப்பு. 3.15 பதிப்பிலிருந்து சொல்லாவிட்டாலும் யூடிஎஃப்-8 என்று முடிவு செய்திருக்கிறார்கள். நான் அதற்காகக் காத்திருக்கவில்லை. குறியாக்கத்தைச் சொல்லாத வரி என் நிரல்களில் ஒன்றுகூடக் கிடையாது.

முக்கியமான கோப்புகளை இப்போது நேரடியாக எழுதுவதையே விட்டுவிட்டேன். அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் எழுதி, ஃப்ளஷ் செய்து, எஃப்சிங்க் கொடுத்து, கடைசியில் ரீப்ளேஸ். அதே ஃபோல்டரில் வைப்பது முக்கியம், இல்லையென்றால் மேலே சொன்ன பிழை 18 வாசலில் நிற்கும். தரவை டிஸ்க்கில் எழுதியே ஆக வேண்டும் என்று கேட்கும் எஃப்சிங்க் ஏன் என்றால், எழுதியாயிற்று என்று பைத்தான் சொல்லும்போது தரவு பெரும்பாலும் இயங்குதளத்தின் நினைவகத்தில்தான் இருக்கிறது. மின்சாரம் போனால் போச்சு. இவ்வளவு பேருக்குத் தேவைப்படும் இந்த நான்கு படிகளையும் பாத்லிப் ஒரே அழைப்பாகத் தரவில்லை என்பது என் நீண்ட நாள் மனக்குறை.

தமிழில் பெயர் வைத்தால் இன்னும் இரண்டு தொல்லை. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் பெயருக்கு வரம்பு 255 பைட். ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் 85 குறியீடு, அதிலும் 'கு' என்ற ஒரு எழுத்துக்கே இரண்டு குறியீடு செலவாகும். தலைப்பையே கோப்பின் பெயராக வைக்கும் ஆசை எனக்கு இப்படித்தான் போனது. இரண்டாவது தொல்லை கண்ணுக்கே தெரியாது. 'தொகுப்பு' என்பதில் உள்ள 'தொ'-வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறைமை எப்போதும் பிரித்தே வைக்கும். அங்கிருந்து வந்த கோப்பின் பெயரை லினக்ஸ் பைட் பைட்டாக ஒப்பிடும். திரையில் பார்த்தால் அச்சு அசலாக அதே பெயர், ஆனால் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் 'எக்ஸிஸ்ட்ஸ்' இல்லை என்கிறது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பாத்லிப் இதில் தலையிடாது, தலையிடவும் கூடாது என்றே நினைக்கிறேன். உள்ளே வரும்போதே பைத்தானின் யூனிகோட்டேட்டா லைப்ரரியின் 'நார்மலைஸ்' வழியாகப் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது என் பொறுப்பு.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம். நூறு கோப்புக்கு வித்தியாசமே தெரியாது. லட்சக்கணக்கில் போகும்போது, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பாத் பொருளை உருவாக்கி, ஒவ்வொன்றிடமும் 'நீ கோப்பா, ஃபோல்டரா' என்று கேட்பது சுமைதான். வலை வழியாக இணைத்த டிஸ்க் என்றால் ஒவ்வொரு கேள்வியும் அங்கே போய்த் திரும்பும். ஓஎஸ்.ஸ்கேன்டிர் பட்டியலோடு சேர்த்தே வகையையும் பெரும்பாலும் தந்துவிடுகிறது. அதனால் பெரிய சுற்றுகளை மட்டும் அதற்கு மாற்றினேன். காத்திருப்பு கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. பெயர் வடிவம் சொல்லிக் கோப்புகளைத் தேடும் குளோப் தரும் வரிசைக்கும் உத்தரவாதம் கிடையாது. பக்கம் 1, பக்கம் 2 என்று என் கணினியில் ஒழுங்காக வந்தது வேறொன்றில் கலைந்து வந்தது. வரிசைப்படுத்தும் ஸார்ட்டட் போடாமல் விடுவதில்லை.

புதிதாகத் தொடங்குபவர் கேட்டால் யோசிக்காமல் பாத்லிப்பையே சொல்வேன். நடுவில், கோப்பை அழிக்கும் அன்லிங்க்குக்கு 'இல்லாவிட்டால் பரவாயில்லை' என்று சொல்லும் வசதி 3.8-இல் வந்தது, ஃபோல்டர்களுக்குள் ஃபோல்டராகச் சுற்றிவரும் வாக் 3.12-இல் வந்தது. நகலெடுக்க ஷூட்டில்லை நாட வேண்டும் என்ற பழைய குறை 3.14-இல் தீர்ந்தது: காப்பி, மூவ் இரண்டும் பாத்லிப்புக்குள்ளேயே வந்துவிட்டன. போன மாதம் ஒலிப்பதிவுகளுக்கான நிரலை அதற்கு மாற்றினேன். மாற்றிய அன்றே, நகல்களில் பழைய தேதிகளைக் காணோம். ஷூட்டில்லின் காப்பி2 தேதியையும் சேர்த்துக் கொண்டுவரும். புதிய காப்பி அப்படிச் செய்ய வேண்டும் என்றால் 'பிரிசர்வ் மெட்டாடேட்டா'வை நாமே இயக்க வேண்டும். இயக்கிவிட்டு, அன்றைய நகல்களை அழித்து மறுபடி எடுத்தேன்.